முயலும் செய்யுளும்

வளர்ந்த முயல் ஜோடி ஒன்று மாதந்தோறும் ஒரு ஜோடி குட்டி ஈனுகிறது. குட்டிகளும் இரண்டாம் மாதம் முதல் ஈனும். எதுவும் சாவதில்லை. ஓராண்டு முடிவில் எத்தனை ஜோடி?

இந்திய எண்முறையை ஐரோப்பியருக்கு விளக்கி, பைசா நகரத்து பிபனாச்சி 1202-இல் எழுதிய நூலில் வரும் கணக்கு இது. ஜோடிகள் 1, 2, 3, 5, 8, 13 எனப் பெருகும். சென்ற மாத ஜோடிகளோடு, அதற்கு முந்திய மாதமே இருந்தவற்றின் குட்டிகள் சேரும். ஆகவே முந்திய இரண்டு எண்களின் கூட்டுத்தொகையே அடுத்த எண். விடை 377!

ஆனால் மாணவர்களே, சுமார் 1150-இலேயே குஜராத்தின் ஹேமச்சந்திரர் இவ்வெண்களைச் செய்யுள் இலக்கணத்தில் கண்டிருந்தார். குறுகிய அசைக்கு ஒரு மாத்திரை. நீண்ட அசைக்கு இரண்டு. நான்கு மாத்திரை அடியை 5 விதமாக அமைக்கலாம். ஐந்து மாத்திரை அடியை 8 விதமாக. ஆறு மாத்திரைக்கு? எழுதிப் பாருங்கள்!