பழைய சொகுசுக் காரின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையில் ஓடிய பிஎம்டபிள்யூ கப்பலேறி அந்தமான் தீவின் போர்ட் பிளேருக்கு (இன்று ஸ்ரீ விஜயபுரம்) வருகிறது. அங்கே மறுபதிவானதும் ஏஎன்-01 என்று புது எண் கிடைக்கும். அந்த எண்ணை வைத்து வண்டியின் வயதைக் கணக்கிடவே கூடாது. டிசம்பரில் தயாரான கார் அடுத்த ஆண்டு பதிவாவதும் சகஜம்.

ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். அடுத்து, 17 இலக்க சேசிஸ் எண். அதன் 10-வது இடம் பெரும்பாலும் மாடல் ஆண்டு: ஜே என்றால் 2018, கே 2019, எல் 2020. ஒன்றோடும் பூஜ்ஜியத்தோடும் குழம்பும் என்பதால் ஐ, ஓ எழுத்துகள் கிடையாது. ஆனால் மெர்சிடீஸ் பென்ஸ், வட அமெரிக்காவுக்கு வெளியே விற்ற பல கார்களில் அந்த இடத்தில் ஆண்டைக் குறிப்பதில்லை.

அதனால் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுங்கள். அடியில் தைத்த துணிச்சீட்டில் பெல்ட் தயாரான தேதி இருக்கும். அது காரின் தேதிக்குச் சற்று முன்பாக இருப்பதே இயல்பு. பெல்ட் பிந்தியதாக இருந்தால் மாற்றியிருக்கிறார்கள். விபத்தா என்று கேளுங்கள். தீவின் உப்புக் காற்று இரும்பைத் தின்னும், அடிப்பாகத்தையும் பாருங்கள். சேசிஸ் எண்ணில் சுரண்டிய தடம் தெரிந்தால் வாங்கவே வேண்டாம்.