சந்தை மீனும் பாதரசமும்

சந்தையில் பத்து மீன்களை எடுத்துச் சோதிப்பதாகக் கொள்வோம். ஒன்பதில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் பாதரசமும் ஒன்றில் 1.5 மில்லிகிராமும் காணப்படின் சராசரி 0.24 ஆகும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகள் வகுத்த 0.5 என்னும் வரம்புக்கு அது உட்பட்டதே. ஆயினும் பத்தாவது மீனை வாங்கியவர் சராசரியையா உண்கிறார்? ஆதலால், எத்தனை மீன்கள் வரம்பைக் கடந்தன, மக்கள் வாரத்திற்கு எவ்வளவு உண்கின்றனர் என்பனவற்றையும் ஆய்வாளர்கள் கணக்கிடுகின்றனர்.

உண்ணும் அளவே இங்குப் பெரிது. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம் என 2003ஆம் ஆண்டில் எல்லை வகுத்தது. 50 கிலோ எடையுள்ள தாய்க்கு இது 80 மைக்ரோகிராம். மீனில் அந்நஞ்சு 0.5 மில்லிகிராம் இருப்பின் 160 கிராம் உண்டதுமே எல்லை நிறைந்துவிடும், 0.05 ஆயின் 1,600 கிராம் வரை உண்ணலாம்.

சிறு மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறா போன்றவற்றில் இந்நஞ்சு மிகுதியாகச் சேர்கிறது. தசைப் புரதத்தோடு பிணைந்திருப்பதால் கழுவினாலும் கொதிக்க வைத்தாலும் அகலாது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்ட நோயில், தாய்மாரிடம் அறிகுறி அதிகமின்றியே அவர்தம் சிசுக்களின் மூளை பாதிக்கப்பட்டது.

பிள்ளை பெற்றவர்க்குப் பால் ஊறச் சுறாப்புட்டு அளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் சுறாவைத் தவிர்த்தல் நன்று. மீனையே விலக்க வேண்டுவதில்லை. கெம்போங்கும் மத்தியும் நல்ல புரதத்தைக் குறைந்த பாதரசத்தோடு, குறைந்த விலையிலும் தருகின்றன.