உப்பால் உறங்கும் இதயம்

பள்ளிகொண்டாவையும் ஆம்பூரையும் உள்ளடக்கிய பாலாற்றங்கரைத் தோல் வட்டாரத்தில், உரித்த தோல் பதனிடும் தொட்டிக்குப் போய்ச் சேரும்வரை அழுகாமலிருக்க அதன் சதைப்பக்கத்தில் உப்பைத் தேய்த்து வைப்பது நெடுநாள் வழக்கம். பள்ளிகொண்டாவுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டரில், 1960-களின் தொடக்கத்திலேயே திறந்த இதய அறுவையில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒன்றாக விளங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது; அத்தகைய அறுவையிலும் இதயத்தசையைக் காப்பது ஓர் உப்புதான், ஆனால் அது காப்பது மீண்டும் துடித்தாக வேண்டிய உயிருள்ள தசையை.

வால்வை மாற்றவோ உள்சுவரின் துளையை அடைக்கவோ இதயம் அசையாமலும் இரத்தமின்றியும் இருக்க வேண்டும் என்பதால், உடலுக்கு இரத்தம் செலுத்தும் வேலையை இதய-நுரையீரல் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்குகிறார்கள். அக்கணமே இதயத்தசைக்கு இரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனிகளும் வறண்டுவிடுகின்றன. துடிக்கும் இதயத்தில் 100 கிராம் தசை நிமிடத்துக்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது. துடிப்பை நிறுத்தினாலே அது 1 மில்லிலிட்டர் அளவுக்கு இறங்கிவிடும், குளிரவைத்தால் இன்னும் குறையும். ஆகவே குளிர்ச்சி துணை மட்டுமே. பெரும்பங்கு காப்பு நிறுத்தத்தில்தான் இருக்கிறது.

நிறுத்துவது கார்டியோப்ளீஜியா எனப்படும் பொட்டாசியம் மிகுந்த கரைசல். தசைச் செல்லின் உள்ளே பொட்டாசியம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருப்பதால் எழும் மின் வேறுபாடே துடிப்புக்கு ஆதாரம்; வெளியிலும் பொட்டாசியம் கூடும்போது அவ்வேறுபாடு தளர்ந்து, செல் புதிய மின்துடிப்பை எழுப்ப இயலாமல் போகிறது. கவ்விக்குக் கீழே பெருந்தமனியின் அடியில் செருகிய ஊசிக்குழாய் வழியே குளிர்ந்த கரைசல் பாய, ஓரிரு நிமிடங்களில் இதயம் சுருங்கிய நிலையிலன்றித் தளர்ந்த நிலையில் ஓய்கிறது, இ.சி.ஜி. திரையில் கோடு நேராகிறது.

பொட்டாசியத்தின் சரியான அளவு எளிதில் கைவந்ததன்று. 1955-இல் இங்கிலாந்தில் மெல்ரோஸ் என்பவர் பயன்படுத்திய பொட்டாசியம் சிட்ரேட் மிகச் செறிவாக இருந்து தசையையே சேதப்படுத்தியதால் அம்முறை கைவிடப்பட்டது. 1970-களில்தான் மிதமான செறிவுடன், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் கரைசல் போன்றவற்றால், அது மீண்டது. பின்னர் நோயாளியின் இரத்தத்தையே அதில் கலக்கும் முறையும் பரவியது.

கரைசல் மெல்ல அலசிப்போய்விடும் என்பதால், பல முறைகளில் 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை அதை மீண்டும் செலுத்த வேண்டும். இயந்திரத்தருகே அமர்ந்து அந்த நேரத்தைக் கணக்கு வைத்து அறிவிப்பவர் பெர்ஃப்யூஷனிஸ்ட். தையல் முடிந்து கவ்வியைத் தளர்த்தியதும் வெதுவெதுப்பான இரத்தம் உப்பைக் கழுவிச் செல்ல, வெளிறிக் கிடந்த தசை சிவந்து, முதலில் ஒழுங்கின்றி நடுங்கி, பிறகு தானாகவோ சிறிய மின்னதிர்ச்சி ஒன்றாலோ தன் தாளத்துக்குத் திரும்புகிறது.