அரக்கு நிறம் எங்கே தொலைகிறது?

கல்யாண ஆல்பத்தைப் பிரித்ததும் வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “முகூர்த்தப் பட்டு அரக்குதானே, இதென்ன பழுப்படிச்சுக் கிடக்கு?” கடை கடையாய் ஏறி, வாசல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து எடுத்த புடவை அது. அந்த நிறம் ஆல்பத்தில் மாறிப்போவதைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடியவில்லை.

எடிட் செய்தவர் திரையில் அது அரக்காகத்தான் இருந்திருக்கும். பல நேரம் கோளாறு நடப்பது, படத்தை எக்ஸ்போர்ட் செய்யும்போது.

டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறமும் மூன்று எண்கள்தான்: சிவப்பு, பச்சை, நீலம். வெறும் எண்ணை வைத்து நிறத்தைச் சொல்லிவிட முடியாது. கடையில் போய் “அரிசி ரெண்டு கொடுங்க” என்றால் படியா, கிலோவா என்று கேட்பார்கள் இல்லையா? அந்த அளவைச் சொல்வதுதான் கலர் ப்ரொஃபைல். ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-ல் முன்வைத்த எஸ்ஆர்ஜிபி ஓர் அளவு. 1998-ல் வந்த அடோப் ஆர்ஜிபி அதைவிட விரிந்த இன்னோர் அளவு.

எஸ்ஆர்ஜிபியில் முழுச் சிவப்பு 255, 0, 0. அதே சிவப்பை அடோப் ஆர்ஜிபியில் எழுதினால் 219, 0, 0. ப்ரொஃபைல் இல்லாமல் அப்படி எழுதிய ஃபைல் வெளியே போனால், திறக்கும் மென்பொருள் பெரும்பாலும் அதை எஸ்ஆர்ஜிபி என்றே எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 219 என்பது மட்டான சிவப்பு. அரக்கு செத்துப்போவது இப்படித்தான். முகத்தின் களையும் கூடவே போய்விடும்.

ஃபோட்டோஷாப்பில் அடுத்தடுத்து இரண்டு கட்டளைகள் இருக்கின்றன. ‘கன்வர்ட் டு ப்ரொஃபைல்’ எண்களை மாற்றி நிறத்தைக் காப்பாற்றும். ‘அசைன் ப்ரொஃபைல்’ எண்களைத் தொடாது. அதனால் நிறம் மாறிவிடும். அனுப்பும் பிரதிக்கு வேண்டியது முதலாவது. சேமிக்கும்போது ப்ரொஃபைலை ஃபைலோடு சேர்க்கும் ‘எம்பெட்’ கட்டத்திலும் டிக் இருக்க வேண்டும்.

மயில்கழுத்து நிறத்துக்கு இது மட்டும் போதாது. பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம் என்று நெய்த பட்டில் ஒளி படும் இடத்து நீலப்பச்சை, எஸ்ஆர்ஜிபியின் எல்லையைத் தாண்டிவிடக்கூடும். இரண்டு அளவுகளும் அதிகம் வேறுபடுவதே பச்சைப் பக்கம்தான். கன்வர்ட் செய்ததும் எல்லைக்கு வெளியே இருந்த சாயல்கள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். மடிப்புகள் தெரியாமல் புடவை பூசியதுபோல ஆகிவிடும். அச்சில் எப்படி வரும் என்று திரையிலேயே காட்டும் ‘சாஃப்ட் ப்ரூஃப்’ போட்டுப் பார்த்து, அந்த நிறத்தின் செறிவை மட்டும் கையால் கொஞ்சம் குறைப்பது நல்லது. மடிப்பு பிழைக்கும்.

திரையே தவறாக இருந்தால் இத்தனையும் வீண். காலிப்ரேட்டர் கருவியால் வெண்மையை 6500 கெல்வினிலும், வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 100–120 கேண்டெலா அளவிலும் நிறுத்த வேண்டும். வெளிச்சத்தை முழுதாக ஏற்றிவைத்து எடிட் செய்தால் அச்சு இருண்டுதான் வரும். திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள்.

அச்சிடும் லேபில் எந்த ப்ரொஃபைல் கேட்கிறார்கள் என்று முன்பே விசாரியுங்கள். புடவை தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு படத்தை முதலில் அச்சிட்டு வாங்கி, ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு மீதியை அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் வந்த மாதிரியை வைத்து மட்டும் சம்மதம் சொல்ல வேண்டாம். பல போன்களில் ‘விவிட்’ திரை அமைப்பு எல்லா நிறத்தையும் ஏற்றிக் காட்டும்.