சொந்த ஊரே பாடமானால்

நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறார்கள். களப்பணிக்கு அவரவர் ஊருக்கே அவர்களை அனுப்புவேன். "எங்க ஊர்ல எனக்குத் தெரியாதது என்ன சார் இருக்கு?" என்று கேட்பார்கள். "கோலமாவு எடுத்துட்டுப் போ. நீ வரையாதே, ஊர்க்காரங்களை வரையச் சொல்லு" என்பேன்.

பங்கேற்பு முறைக் கிராம மதிப்பீட்டில் இது முதல் படி. மந்தையில் தெரு, குழாய், ரேஷன் கடை, சுடுகாட்டுப் பாதை எல்லாவற்றையும் ஊர்க்காரர்களே தரையில் வரைவார்கள். காகிதத்தில் வரைந்தால் பேனா பிடிப்பவர் சொல்வதுதான் படம். தரையில் வரைந்தால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் "அந்தக் குழாயில தண்ணி வந்து ரொம்ப நாளாச்சு" என்று திருத்துவார்.

ஒரு மாணவியின் ஊர்ப் படத்தில் அவள் தெரு வீடு வீடாக இருந்தது. சாலைக்கு அந்தப்புறம் உள்ள காலனி வெறும் கட்டமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அந்த ஊரில் வாழும் பெண், அந்தக் காலனிக்குள் கால் வைத்ததில்லை. மறுவாரம் அங்கே போய் உட்கார்ந்து, அவர்களையே வரையச் சொன்னாள். பழகிய ஊரில் சாதி மறைத்து வைத்திருக்கும் பாதியைப் பார்ப்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

மாணவர்கள் கிராமத்துக்குப் போவது புதிதல்ல. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கியது. அதன் 7 நாள் சிறப்பு முகாம்கள் பல நல்ல வேலைகளைச் செய்திருக்கின்றன. ஆனால் முகாம் முடிந்ததும் மாணவர்கள் பஸ் ஏறிவிடுவார்கள். சொந்த ஊரில் வேலை செய்பவளை மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் "என்னம்மா, எழுதிட்டுப் போனியே, என்னாச்சு?" என்று கேட்பார்கள். பக்கத்து வீட்டுக் கடன் கணக்கு தெரிந்தாலும் வெளியே சொல்லாத பொறுப்பும் அவளுக்கு உண்டு.

சமூக ஈடுபாட்டை 2 கிரெடிட் பாடமாக வைக்கப் பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டியிருக்கிறது. மதிப்பெண் போட்டபின் மாணவர்களின் களப்பணி அறிக்கைகள் துறை அலமாரியில் தூங்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 நாட்கள் கிராம சபை கூடுகிறது. கல்லூரிகளே, உங்கள் மாணவர்களின் அறிக்கையை அங்கே வாசிக்க வையுங்கள். ஊராட்சித் தலைவர்களே, அந்தப் பிள்ளைகளுக்குப் பேச நேரம் கொடுங்கள்.