நோயாளியின் படுக்கையருகே மருந்தாளுநர்

கும்பகோணத்தில் தாம் சிறுவராயிருந்த காலத்து மருந்துப் புட்டியைப் பற்றி என் தந்தையார் இன்றும் கூறுவதுண்டு. மருத்துவர் எழுதிய சீட்டை உள்ளறையிலிருக்கும் கம்பவுண்டரிடம் நீட்ட வேண்டும். அவர் இரண்டு மூன்று நீர்மங்களைக் கலந்து புட்டியில் ஊற்றுவார். பற்கள் போல் வெட்டிய காகிதத் துண்டொன்றை அதன் பக்கத்தில் ஒட்டுவார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. கையில் கொடுக்கும்போது, "உணவுக்குப் பின், குலுக்கிவிட்டுக் குடிக்க வேண்டும்" என்று ஒரு வார்த்தையும் சொல்வார். இன்று புட்டியும் இல்லை, காகிதப் பற்களும் இல்லை. பளபளக்கும் அட்டைகளில் மாத்திரைகள் வருகின்றன. ஆயினும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான் ஆளைக் காணோம்.

அதன் விலையை என் இல்லத்திலேயே நான் அறிந்துகொண்டேன். தந்தையார் நீரிழிவுக்காரர். ஊரிலிருந்து தாணேக்கு வரும்போது இரண்டு மாதத்திற்கு வேண்டிய மாத்திரைகளைப் பையில் கொண்டு வந்தார். மருத்துவர் எழுதிய சீட்டை மட்டும் ஊரிலேயே விட்டு வந்தார். காலில் ஏற்பட்ட ஒரு புண்ணுக்காக இங்குள்ள மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் சர்க்கரையைச் சோதித்து, அதற்கும் ஒரு மாத்திரை எழுதினார். "ஏற்கெனவே ஏதோ சாப்பிடுகிறார்" என்று நான் சொன்னேனேயன்றி, அது இன்னதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தந்தையார் பழையதையும் விடவில்லை, புதியதையும் விடவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் உடல் வியர்த்து, நாக்குழறி, என்னை யாரென்று கேட்டார். மருத்துவமனையில் குளுகோஸ் ஏற்றியபின்தான் தெளிவு பிறந்தது.

மறுநாள் காலையில் வெள்ளை மேலங்கி அணிந்த இளம்பெண் ஒருவர் வந்து, வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னார். "ஆஜோபா" என்று மராத்தியில் தந்தையாரை அழைத்து, எதை எப்பொழுது உட்கொண்டார் என ஒவ்வொன்றாகக் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். இறுதியில் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துக் காட்டினார். பெரிய எழுத்திலிருந்த பெயர்கள் வேறு வேறு. மருந்தின் மூலப்பெயர் இருந்த இடத்தில் இரண்டிலும் ஒரே சொல்: கிளிமிபிரைட். ஒரே மருந்தை இரு பெயரில் இரட்டிப்பாக உட்கொண்டிருந்தார். ஒரு பொருளுக்கு ஒரு மொழியிலுள்ள சொல்லுக்கு நிகரான சொல்லை மற்றொரு மொழியில் தேடுவதே என் பிழைப்பு. என் வீட்டு அலமாரியில் இருந்த இரண்டு சொற்கள் ஒரே பொருளைக் குறித்தன என்பதை நான் அறியாமற்போனேன்.

அந்தப் பெண் மருத்துவருமல்லர், செவிலியருமல்லர். 'பார்ம் டி' என்னும் ஆறாண்டுப் படிப்பை முடித்த மருந்தாளுநர். அவர் பயின்ற துறைக்குக் 'கிளினிகல் பார்மசி' என்று பெயர். நோயாளியை மையமாகக் கொண்ட மருந்தியல் எனத் தமிழில் கூறலாம். மருந்தைச் செய்வதும் விற்பதும் பழைய மருந்தியல். ஒருவருக்குக் கொடுக்கப்பெறும் மருந்து அவருடைய வயதுக்கும் சிறுநீரகத்தின் ஆற்றலுக்கும் உண்ணும் பிற மருந்துகளுக்கும் பொருந்துமா என்று ஆராய்ந்து மருத்துவருக்கு எடுத்துரைப்பதும், உட்கொள்ளும் முறையை நோயாளிக்கு விளக்குவதும் இந்தப் புதிய பிரிவின் பணி.

இத்துறை நம் நாட்டிற்கு வந்த வரலாறு, சில ஆசிரியர்களின் வாழ்க்கை வரலாறேயாகும். 1930-ஆம் ஆண்டு கர்னல் சோப்ரா தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, சந்தையிலிருந்த மருந்துகளின் தரக்குறைவையும், பயிற்சியில்லாதோர் மருந்து வழங்குவதையும் அரசுக்கு எடுத்துக் காட்டியது. அக்காலத்தில் இந்தியப் பல்கலைக் கழகம் எதிலும் மருந்தியலுக்கெனப் பட்டம் இல்லை. அமெரிக்காவில் பயின்று திரும்பிய மகாதேவ லால் ஷ்ராஃப் என்பவர் 1932-இல் காசி இந்துப் பல்கலைக் கழகத்தில் இக்கல்விக்கு வித்திட்டார். 1937-இல் அது தனிப் பட்டப் படிப்பாயிற்று. இந்திய மருந்தியல் கல்வியின் தந்தை என அவர் போற்றப்படுகிறார். பின்னர் 1948-இல் மருந்தியல் சட்டமும், அதன்கீழ் மறு ஆண்டில் இந்திய மருந்தியல் மன்றமும் தோன்றின.

பம்பாய்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. மாதுங்காவில் இன்று வேதியியல் தொழில்நுட்ப நிறுவனம் என விளங்குவது, 1933-இல் தோன்றிய பல்கலைக் கழகத் துறையேயாகும். 1938 முதல் 1957 வரை அதன் இயக்குநராயிருந்தவர், சென்னையிற் பிறந்த சாயப்பொருள் வேதியியல் அறிஞர் கே. வெங்கட்ராமன் என்பதை இந்நகர்த் தமிழர்கள் நினைவிற் கொள்ளலாம். மருந்தியலும் கற்பிக்கப்பெறும் இடம் அது. 1957-இல் மருந்தியலுக்கெனவே பம்பாய் மருந்தியல் கல்லூரி தொடங்கப்பெற்றது. இப்போது அது கலீனாவில் இருக்கிறது. ஆயின், அக்காலத்து நாட்டின் தேவை வேறு. பென்சிலினைக்கூட வெளிநாட்டிலிருந்து தருவித்த காலம் அது. 1954-இல்தான் புணேக்கு அருகே பிம்ப்ரியில் அரசின் ஆன்டிபயாடிக் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. எனவே மருந்தியல் கல்வியின் முகம் தொழிற்சாலையை நோக்கியிருந்தது. மாணவர்கள் மாத்திரையைச் செய்யக் கற்றனர். அதை விழுங்கும் மனிதரை அவர்கள் காணவில்லை.

அந்த முகத்தை நோயாளியின் பக்கம் திருப்பும் முயற்சி அமெரிக்காவில் முதலில் வலுப்பெற்றது. 1966-இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக் கழக மருத்துவமனையின் 9-ஆம் மாடியில், நோயாளிகள் இருக்கும் இடத்திலேயே மருந்தாளுநர்களை அமர்த்திப் பார்த்தனர். அச்சோதனை பின்னர் பல கல்லூரிகளின் பாடத்திட்டத்தையே மாற்றியது. அங்கு மருந்தியல் கல்லூரியின் தலைவராயிருந்த ஜெரி கோயன், 1979-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆணையரானார். அப்பதவியை வகித்த முதல் மருந்தாளுநர் அவரே.

நம் நாட்டில் அத்தகைய முயற்சி வேரூன்றிய இடங்களுள் ஒன்று தமிழகத்தின் உதகமண்டலம் என்பது நமக்குப் பெருமை தருவது. அங்குள்ள ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரியும், மைசூரிலுள்ள அதன் சகோதரக் கல்லூரியும் 1990-களின் பிற்பகுதியில் இத்துறையில் முதுநிலைப் படிப்பைத் தொடங்கின. உதகையில் மாணவர்கள் அரசு தலைமை மருத்துவமனைக்கே சென்று பயின்றனர். மைசூர்ப் பேராசிரியர் ஜி. பார்த்தசாரதி, காரின் நைஃபோர்ட்-ஹான்சன், மிலாப் நஹாதா ஆகிய மூவரும் பதிப்பித்த பாடநூல் 2004-இல் வெளிவந்து, இந்திய மாணவர்களுக்கு வழிகாட்டியாயிற்று. உதகைக் கல்லூரியின் முதல்வராயிருந்து, பின்னர் மைசூர் ஜே.எஸ்.எஸ். பல்கலைக் கழகத்தின் துணைவேந்தருமான பேராசிரியர் பி. சுரேஷ், இந்திய மருந்தியல் மன்றத்தின் தலைவராயிருந்த காலத்தில்தான், 2008-இல், 'பார்ம் டி' விதிகள் வெளியாயின. ஐந்தாண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என்பது அதன் அமைப்பு.

ஒரு கல்லூரி முதல்வர் செய்யக்கூடியது என்ன என்று கேட்கலாம். பாடம் நடத்துவது மட்டுமாயின் நல்ல ஆசிரியர் போதும். ஆனால் மருந்தியல் மாணவனை மருத்துவமனைக்குள் விடுவதற்கு மருத்துவர்களின் இசைவு வேண்டும். "இவன் இங்கே எதற்கு?" என்னும் கேள்விக்கு நாள்தோறும் விடை கூற வேண்டும். படிப்பை வகுக்க வேண்டும், விதிகளை மாற்ற வேண்டும், படித்தவர்க்கு வேலை தேட வேண்டும். இவை அதிகாரமும் பொறுமையும் ஒருங்கே உடையவரால் மட்டுமே ஆகும். என் தந்தையாரின் கட்டிலருகே வந்து நின்ற அந்தப் பெண், இத்தகையோர் பல ஆண்டுகள் பட்ட பாட்டின் பயனாகவே அங்கு நின்றார்.

எனினும் அப்பாடு முடிந்துவிடவில்லை. மருந்தாளுநர் நோயாளிக்கு அறிவுரை கூற வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆயினும் நம் தெருவிலுள்ள கடையில் கூட்டத்தின் நடுவே அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதோடு வேலை முடிகிறது. பல மருத்துவமனைகளில் இப்படிப்பை முடித்தவர்க்கென ஓர் இடமே கிடையாது. நாமும் இதில் குற்றவாளிகளே. பிள்ளைகள் இப்படிப்பில் சேர விரும்பினால், "மருந்துக்கடைக்கு ஆறு வருடப் படிப்பா?" என்று நகைக்கிறோம். நானும் ஒருகாலத்தில் அவ்வாறு கேட்டவன்தான்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இத்துறையின் தேவை மற்றவரினும் மிகுதி. நம் பெற்றோர்க்கு அங்கே ஒரு மருத்துவர், இங்கே ஒரு மருத்துவர். அங்கே ஒரு பெயர், இங்கே ஒரு பெயர். இடையில் மொழி வேறு குறுக்கே நிற்கிறது. எனவே சில வழக்கங்களை மேற்கொள்வது நலம். பெற்றோர் இரயிலேறும் முன்னரே, உட்கொள்ளும் மருந்துகளின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். சித்த மருந்தோ, லேகியமோ இருப்பின் அதையும் எழுதுங்கள். புதிய மருத்துவரிடம் முதலில் அத்தாளைக் காட்டுங்கள். கடையில் மாத்திரை வாங்கும்போது, "இது பழையதற்குப் பதிலா, அதனுடன் சேர்த்தா?" என்று கேளுங்கள். தைராய்டு மாத்திரையைக் காலைக் காப்பியோடு விழுங்குவது நம்மவரிடையே பெருவழக்கு. அது மருந்தை உடல் ஏற்பதைக் குறைக்கும். வெறும் தண்ணீரில் உட்கொண்டு, காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரமேனும் காத்திருக்க வேண்டும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கோ நான்கு மணி நேர இடைவெளி தேவை.

என் தந்தையார் நலமாக ஊர் திரும்பினார். அவருடைய சட்டைப்பையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. ஒரு பக்கம் ஆங்கிலத்திலும், மறுபக்கம் தமிழிலும் ஏழு மருந்துகளின் பெயர்கள். மொழிபெயர்த்தவன் நான், சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் அந்த மருந்தாளுநர்.