உங்களுக்குத் தெரியுமா? ஆன்லைன் சேமிப்புக் கணக்கு: வசதியும் கவனமும்

வங்கிக்குப் போக அரை நாள் லீவு போட வேண்டாம், டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். செல்போன், ஆதார், பான் கார்டு மூன்றும் இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடலாம். இது நல்ல வசதி, பயன்படுத்திக்கொள்ள வேண்டிய வசதி. ஆனால் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருந்த ஊழியர் நமக்காகப் பார்த்துக்கொண்ட பல வேலைகள் இப்போது நம் பொறுப்பாகிவிட்டன. கணக்கு தொடங்கும் முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. வட்டி எல்லா வங்கியிலும் ஒன்றல்ல

2011 அக்டோபர் 25 வரை சேமிப்புக் கணக்கு வட்டியை ரிசர்வ் வங்கிதான் நிர்ணயித்தது. எந்த வங்கிக்குப் போனாலும் ஒரே வட்டி, அப்போது 4 சதவீதம். அன்றோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வங்கிகள் வட்டியைக் காட்டி வாடிக்கையாளரை ஈர்க்கத் தொடங்கியதும் அதற்குப் பிறகுதான். பாரத ஸ்டேட் வங்கி 2025 ஜூனில் சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தது. 1 லட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய். அதே பணத்துக்கு 5 சதவீதம் தரும் வங்கி கிடைத்தால் 5,000 ரூபாய். பணத்தை எங்கே வைக்கிறோம் என்பதற்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

2. ‘7 சதவீதம் வரை’ என்றால்?

விளம்பரத்தில் ‘வரை’ என்ற சொல்லைத்தான் முதலில் தேட வேண்டும். பல வங்கிகள் இருப்புத் தொகையைப் படிப்படியாகப் பிரித்து வட்டி தருகின்றன. உதாரணமாக, 5 லட்சம் வரை 3 சதவீதம், அதற்கு மேல் உள்ள தொகைக்கு மட்டும் 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சம் போட்டால் கிடைப்பது 15,000 + 7,000, ஆக 22,000 ரூபாய். 7 சதவீதக் கணக்கில் நீங்கள் எதிர்பார்த்த 42,000 அல்ல. கணக்கில் 20,000, 30,000 வைத்திருப்பவருக்கு அந்த 7 சதவீதம் எட்டவே எட்டாது.

3. ஐந்து நாள் இருந்தாலும் வட்டி உண்டு

2010 ஏப்ரல் 1க்கு முன், மாதத்தின் 10ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே கணக்கில் எது மிகக் குறைந்த இருப்போ, அதற்குத்தான் வட்டி. இப்போது ஒவ்வொரு நாளின் இருப்புக்கும் தனித்தனியாகக் கணக்கிடுகிறார்கள். 2 லட்சம் ரூபாய் ஐந்தே நாள் தங்கினாலும் 3 சதவீதத்தில் சுமார் 82 ரூபாய் சேரும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் மட்டும் அந்தப் பழைய 10ஆம் தேதி முறை தொடர்கிறது. அங்கே வட்டி 4 சதவீதம்.

4. ‘811’ ஒரு தேதி

2016 ஏப்ரலில் டிபிஎஸ் வங்கி ‘டிஜிபேங்க்’ என்ற பெயரில் செல்போன் கணக்கை இந்தியாவில் தொடங்கியது. 2017 மார்ச்சில் கோடக் மஹிந்திரா வங்கியின் ‘811’ வந்தது. 8/11, அதாவது 2016 நவம்பர் 8, பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்ட நாள். ஏடிஎம் வாசலில் நாம் வரிசையில் நின்ற அந்த நாள்களின் நினைவு ஒரு கணக்கின் பெயராகவே நிலைத்துவிட்டது.

5. வீடியோவில் முகம் காட்டினால் போதும்

2020 ஜனவரியில் வீடியோ கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) முறைக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்தது. அம்மாவுக்குக் கணக்கு தொடங்கியபோது உடன் இருந்து பார்த்தேன். லேமினேட் செய்த பான் கார்டில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு எழுத்து மறைந்தது. “கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்கம்மா” என்றார் வங்கி ஊழியர். பிறகு வெள்ளைத்தாளில் கையெழுத்து. அடுத்து பிறந்த தேதி கேட்டார். நான் பக்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, “யாரும் சொல்லித் தரக் கூடாது, அவங்களே சொல்லணும்” என்றார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தக் கண்டிப்பு நியாயமானது. பெரியவர்களை மிரட்டியோ ஏமாற்றியோ அவர்கள் பெயரில் யாரும் கணக்கு தொடங்கிவிடக் கூடாதே!

6. ஓடிபி கணக்குக்கு ஒரே வருட ஆயுள்

வீடியோ சரிபார்ப்பும் இல்லாமல், ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்துத் தொடங்கும் கணக்குக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. இருப்பு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் வரவு 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஓராண்டுக்குள் முழு கேஒய்சி முடிக்காவிட்டால் கணக்கைத் தொடர முடியாது. நிலம் விற்ற பணமோ பி.எஃப். பணமோ வரப்போகிறது என்றால், முதலில் கேஒய்சியை முடித்துவிடுங்கள்.

7. ஆப் வேறு, வங்கி வேறு

கிளையே இல்லாத முழு டிஜிட்டல் வங்கி என்று தனியாக ஓர் உரிமத்தை இந்தியாவில் ரிசர்வ் வங்கி தருவதில்லை. அழகான பெயரோடு வரும் நிதி ஆப்களுக்குப் பின்னால் உரிமம் பெற்ற வங்கி ஒன்று இருக்கும். பணம் இருப்பது அங்கேதான். 2020 மார்ச்சில் யெஸ் வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, அந்த வங்கி வழியாக இயங்கிய போன்பே சேவையும் முடங்கியது. ஆப்பைத் தரவிறக்கும் முன் ‘எந்த வங்கி?’ என்று பாருங்கள்.

8. காப்பீடு 5 லட்சம், வங்கி ஒன்றுக்கு

1960இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் பாடமாக 1962இல் டெபாசிட் காப்பீடு தொடங்கியது. அன்று வரம்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது. ஆன்லைன் கணக்குக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஒரே வங்கியில் உங்கள் பெயரில் உள்ள சேமிப்பு, ஃபிக்சட் டெபாசிட், வட்டி எல்லாம் சேர்த்துத்தான் இந்த 5 லட்சம். ஒரு வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் வரம்பு கூடாது. வேறு வங்கியில் போட்டால் அங்கே தனியாக 5 லட்சம்.

9. கரூரில் பிறந்த வங்கி

1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில், 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்க 25,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, அது டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர்களின் பணம் தப்பியது, பங்குதாரர்களின் முதலீடு மொத்தமும் போனது. மூன்று தலைமுறை பழகிய வங்கி, செல்போன் கணக்கில் முன்னோடியாக இருந்த வங்கியில் கலந்தது. பழைய வங்கியா, புதிய வங்கியா என்பதைவிட வங்கியின் நிதிநிலைதான் முக்கியம்.

10. ஜீரோ பேலன்ஸ், ஜீரோ கட்டணம் இல்லை

குறைந்தபட்ச இருப்பு வேண்டாம் என்பது ஆன்லைன் கணக்கின் தனிச்சொத்து இல்லை. ஸ்டேட் வங்கி 2020இலும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி 2025 ஜூலையிலும் இருப்பு குறைந்தால் விதிக்கும் அபராதத்தைக் கைவிட்டன. எல்லா வங்கிகளிலும் குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத ‘அடிப்படைச் சேமிப்புக் கணக்கு’ உண்டு. ஆனால் மற்ற கணக்குகளில் டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம், எஸ்எம்எஸ் கட்டணம், கூடுதல் ஏடிஎம் கட்டணம் தனி. கட்டணப் பட்டியலை வங்கியின் இணையதளத்தில் ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காக மட்டும் அபராதம் போட்டு, கணக்கை மைனஸில் தள்ள எந்த வங்கிக்கும் அனுமதி இல்லை.

11. கல்லாப் பணத்துக்கு ஆன்லைன் கணக்கு சரிவராது

மளிகைக் கடை, டீக்கடை, பூ வியாபாரம் என்று நாள் முழுக்க ரொக்கம் புழங்குபவருக்கு அருகில் கிளையோ பணம் போடும் இயந்திரமோ வேண்டும். டிடி எடுக்க, நகை லாக்கர் பெற, நகைக்கடன் வாங்க வேண்டியவருக்கும் அப்படியே. ஊரில் கிளையே இல்லாத வங்கியில் ஆன்லைன் கணக்கு தொடங்கினால், கையில் பணம் இருந்தும் போட வழி இருக்காது.

12. ஞாயிறு நள்ளிரவிலும் பணம் போகும்

2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் இரண்டும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் நெஃப்ட் அனுப்பக் கட்டணம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல், அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியும் வந்துவிட்டது. பெயர் பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

13. சர்வரும் சறுக்கும்

தொடர்ந்து ஏற்பட்ட சேவைத் தடைகளால் 2020 டிசம்பரில் எச்டிஎஃப்சி வங்கியின் புதிய டிஜிட்டல் திட்டங்களுக்கு ரிசர்வ் வங்கி தடை போட்டது. தகவல் தொழில்நுட்பக் குறைபாடுகளுக்காக, 2024 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை கோடக் மஹிந்திரா வங்கி ஆன்லைனில் புதிய வாடிக்கையாளரைச் சேர்க்க முடியவில்லை. பெரிய வங்கிக்கே இந்த நிலை வரும். ஆஸ்பத்திரி வாசலில் ஆப் திறக்காமல் போனால் என்ன செய்வது? மாதச் செலவுக்கான பணத்தில் ஒரு பகுதியை இன்னொரு வங்கியில் வையுங்கள், கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

14. முகவரியின் கடைசி எழுத்துகள்

போலி இணையதளங்களைத் தடுக்க, இந்திய வங்கிகள் எல்லாம் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். முடிவு வேறாக இருந்தால் பாஸ்வேர்டு போடாதீர்கள்.

15. மூன்று வேலை நாள்

உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் நபர் மோசடியால் பணம் போனால், மூன்று வேலை நாள்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்தால் இழப்பு உங்களைச் சேராது. இது 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போகும் பணம் உங்கள் இழப்பு. பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். திருடன் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றும் முன் முடக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு நிமிடமும் பணம்.

16. டிடிஎஸ் பிடிக்கவில்லை, ஆனால் வரி உண்டு

சேமிப்புக் கணக்கு வட்டிக்கு வங்கி டிடிஎஸ் பிடிப்பதில்லை. அதனால் வரியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வட்டி உங்கள் வருமானம்தான். பழைய வரிமுறையில் 10,000 ரூபாய் வரையும், மூத்த குடிமக்களுக்கு டெபாசிட் வட்டியையும் சேர்த்து 50,000 ரூபாய் வரையும் கழிவு உண்டு. புதிய வரிமுறையில் இந்தக் கழிவு இல்லை. நான்கு ஆப்களில் நான்கு கணக்கு வைத்திருந்தால் நான்கின் வட்டியையும் கணக்கில் காட்ட வேண்டும்.

17. மறந்த கணக்கும் எங்கோ இருக்கிறது

இரண்டு ஆண்டு நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டு ஆனால் பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்தாரர் விழிப்புணர்வு நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது, வங்கியில் கேட்டுப் பெறலாம். கோரப்படாத பணத்தைத் தேட 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ இணையதளம் வந்தது. கேஷ்பேக்குக்காகத் தொடங்கி மறந்த கணக்குகளை முறையாக மூடிவிடுங்கள்.

18. நாமினி நான்கு பேர்

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். எங்கள் உறவினர் ஒருவர் திடீரெனக் காலமானபோது பீரோவில் ஒரு பாஸ்புக் கிடைத்தது. ஆன்லைன் கணக்கு இருந்ததே வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. செல்போனின் பூட்டும் திறக்கவில்லை. பழைய மெயில்களில் தேடித் தேடி, மூன்று மாதம் கழித்துத்தான் வங்கியின் பெயரே தெரிந்தது. பாஸ்புக் இல்லாத கணக்குக்கு நாமினியும் குடும்பத்தாரின் நினைவும்தான் சாட்சி.

19. புகாருக்குச் செலவில்லை

எழுத்தில் கொடுத்த புகாருக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

ஆக, சம்பளம் வங்கிக் கணக்கில் வருபவருக்கும், யுபிஐ பழகியவருக்கும், அவசரத் தேவைக்கான பணத்தைத் தனியே ஒதுக்க நினைப்பவருக்கும் ஆன்லைன் சேமிப்புக் கணக்கு நல்ல இரண்டாவது கணக்கு. அதையே ஒரே கணக்காக வைத்துக்கொள்ள வேண்டாம். இன்றே ஒரு வேலை செய்யுங்கள்: ஒரு நோட்டை எடுத்து வங்கியின் பெயர், கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம், நாமினி யார் என்று எழுதுங்கள், கீழே 1930 என்று பெரிதாக எழுதுங்கள். பாஸ்வேர்டு மட்டும் எழுத வேண்டாம். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.